அகழிக்குப் பின்னால் இருந்தவர்கள்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது.)



முதல் உலகப்போரின் அகழிகளைப் பற்றித் திருவண்ணாமலையில் பேசப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், "கிரிவலப் பாதைக்கும் பிரான்சுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார். நியாயமான கேள்வி. விடை சொல்வதற்கு முன் உங்களை எடுத்தனூர் வரைக்கும் அழைத்துப் போக வேண்டும். செங்கம் நடுகற்களைப் படித்தவர்களுக்கு அந்த ஊர் தெரியும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் அங்கே ஒரு கல் நட்டார்கள். எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறது. கிட்டத்தட்ட 1,400 ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது.

இன்னொரு வகைக் கல்லும் தமிழ்நாட்டு ஊர்களில் உண்டு. பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ ஊர்ச் சாவடியிலோ பதித்த சிறிய பலகைக் கல். ஆங்கில எழுத்து. இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்பது செய்தி. பெயர் எதுவும் கிடையாது. எண்கள் மட்டும். அந்த எண்ணுக்குள் இருந்தவர்கள் காலையில் எழுந்தால் என்ன செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்று. முதல் உலகப்போரில் நம்மவர்களின் போர், பெரும்பாலும் துப்பாக்கி வரிசைக்குப் பின்னால் நடந்த போர். பின்னாலிருந்து எழுதினால் ஒழிய அந்த வரலாற்றில் அவர்கள் கண்ணில் பட மாட்டார்கள்.

1. "பின்னால்" என்பது எந்த இடம்?

அகழிப்போர் என்றதும் சினிமா நமக்குக் காட்டியிருப்பது ஒரே காட்சி. ஊதல் ஊதுகிறது, ஏணியில் ஏறி ஓடுகிறார்கள், விழுகிறார்கள். அது நடந்தது உண்மை. ஆனால் அகழி என்பது ஒற்றைக் கோடு இல்லை. எதிரியைப் பார்த்த முன்வரிசை அகழி, அதற்குப் பின்னால் துணை அகழி, அதற்கும் பின்னால் சேமப் படைக்கான அகழி. இவற்றை இணைக்கும் வளைந்து வளைந்து போகிற நடை அகழிகள். எல்லாம் தாண்டினால் பண்ணைக் கொட்டகைகளும் கிராமங்களும். ஒரு பட்டாலியன் சில நாள் முன்னே நிற்கும், சில நாள் நடுவில் இருக்கும், பிறகு கிராமத்துக்கு வரும். சராசரிச் சிப்பாயின் மாதத்தில் எதிரியை நேர்நேராகப் பார்த்து நின்ற நாட்கள் குறைவு.

இந்தியப் படை 1914 செப்டம்பர் 26 அன்று மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கியது. அக்டோபர் கடைசியில் பெல்ஜியத்தில் சண்டை. 1915 மார்ச்சில் பிரான்சின் நவ் ஷப்பேல் என்ற ஊரில் சண்டை. அந்த ஆண்டு முடிவதற்குள் காலாட்படையைப் பிரான்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். தொடக்க மாதங்களில் ஆள் போதாமல், முறை வைத்து மாற்றும் ஏற்பாடு அடிக்கடி குலைந்தது. மெல்லிய காக்கித் துணியோடு வந்திறங்கியவர்களுக்குக் கம்பளி உடுப்பு வந்து சேர்வதற்குள் குளிர் வந்துவிட்டது. தண்ணீரில் ஊறி ஊறிக் கால் வெளுத்து மரத்துப்போகும் நோய்க்கு எண்ணெய் தேய்த்துக் காலுறை மாற்றுவதுதான் தடுப்பு.

கொட்டகைக்குத் திரும்பிவிட்டால் ஓய்வு என்று பெயர். பகலில் உடுப்பைக் கழற்றித் தையல் ஓரங்களில் ஒளிந்திருக்கும் பேனை மெழுகுவத்திச் சுடரில் காட்டிப் பொசுக்குவார்கள். குளியல் முறை வந்தால் வெந்நீர்த் தொட்டி. இருட்டினால் வேலை ஆரம்பம்: முள்கம்பிச் சுருள் சுமப்பது, மண்மூட்டை நிரப்புவது, இடிந்த அகழியைத் தோண்டுவது, முன்வரிசைக்குச் சோறும் தண்ணீரும் தோட்டாவும் கொண்டுபோவது. நம் ஊர்ப் பழைய பட்டாளத்துக்காரர்கள் இந்த மாதிரி வேலைகளை "பெட்டீக்" என்பார்கள். களைப்பு என்ற ஆங்கிலச் சொல்லே வேலைக்குப் பெயராகிவிட்டது. பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை.

2. நம்மவர்கள் எப்படிப் பின்னுக்குப் போனார்கள்?

பிரான்சு அகழிகளில் நின்றவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர், பட்டாணியர், கூர்க்காக்கள், கட்வாலிகள். மதராஸ் ராஜதானியிலிருந்து போனவர்களை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. பிரடெரிக் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதி. பிறகு 1893 வரை இந்தியாவுக்கே தலைமைத் தளபதி. தென்னாட்டான் போருக்கு லாயக்கில்லை என்பது அவருடைய தீர்மானம். "போர்ச் சாதிகள்" என்ற கோட்பாடு அரசாங்கக் கொள்கையான காலம் அது. மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் பல கலைக்கப்பட்டன. சிலவற்றில் வடக்கத்தியர் நிரப்பப்பட்டார்கள். ஆற்காட்டிலும் வந்தவாசியிலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராஜ்யம் பிடித்துக் கொடுத்தவர்களின் பேரன்கள் திடீரென்று வீரம் குன்றிப் போனார்களாம்.

1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் நடந்த சண்டை இந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றியது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் படை அங்கே சிதறியது. வாரக்கணக்கில் கப்பலில் அடைத்து வைத்து, கடல் மயக்கம் தெளிவதற்குள் இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே இறக்கிய மேலதிகாரிகளின் திட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிடத் தென்னாட்டானின் நெஞ்சுரத்தைப் பற்றிப் பேசுவது வசதியாக இருந்தது. போதாக்குறைக்குத் தோப்பிலிருந்த தேனீக்கள் வேறு கலைந்து இரண்டு தரப்பையும் கொட்டின.

பழி படாமல் தப்பிய பிரிவு ஒன்று உண்டு: மதராஸ் சப்பர்கள். 1780இல் தொடங்கிய படை. பெங்களூர்தான் அவர்களுக்கு வீடு. இன்றும் அந்தப் படைவீரனுக்குச் செல்லப் பெயர் "தம்பி". பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணி பதிப்பது, தண்ணீர் இறைப்பது எல்லாம் அவர்கள் தொழில். முள்கம்பி வேலியை உடைக்க, வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று செருகி வேலிக்கு அடியில் தள்ளிவிடும் "பெங்களூர் டார்பிடோ" 1912இல் உருவானது இந்தப் படையில்தான். உருவாக்கியவர் மெக்ளின்டாக் என்ற அதிகாரி. அகழிப்போரின் உலகப் பொதுக்கருவிகளில் ஒன்றுக்கு நம் அண்டை நகரத்தின் பெயர். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் ஆற்றைக் கடந்தபோதும் மதராஸ் சப்பர்கள் இருந்தார்கள். அடுத்த மாதம் 11ஆம் தேதி பாக்தாத் விழுந்தது.

இனி எண்கள். போர்க்காலத்தில் மதராஸ் ராஜதானியிலிருந்து சேர்க்கப்பட்டவர்கள் 92,340 பேர். அவர்களில் போர்வீரர் என்ற வகையில் 51,223. போரிடாதவர் என்ற வகையில் 41,117. பஞ்சாபோடு ஒப்பிடுங்கள்: அங்கே போர்வீரர் 3,49,688, போரிடாதவர் 97,288. பஞ்சாபில் ஐந்தில் ஒருவர் பின்வரிசைக்கு. நம்மிடம் ஏறத்தாழ பாதிப்பேர். போர்வீரர் கணக்கில் வந்த நம்மவர்களிலும் சப்பர்களும் பாதை அமைக்கும் பயனியர்களும், மண்வெட்டியைத் துப்பாக்கியளவுக்குப் பழகியவர்கள். இதை வைத்துத்தான் நம்மவர்களின் போர் பின்னால் நடந்தது என்கிறேன்.

ஆள் எங்கிருந்து போனார்கள்? வட ஆற்காடு அப்போதே பட்டாளத்துக்குப் பேர்போன சீமை. இங்கிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் போகிறவர்கள் கணியம்பாடியைத் தாண்டுவீர்கள். அந்தப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை இன்றும் இராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். மாதம் 11 ரூபாய் சிப்பாய்ச் சம்பளம், 1917 முதல் சேர்ந்தால் 50 ரூபாய் ஊக்கத்தொகை. ஏரி வற்றிய வருஷத்தில் இந்த 11 ரூபாய்க்கு என்ன மதிப்பு என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

3. சோறு

இந்தப் பகுதியில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கப் போகிறேன். பின்வரிசை வாழ்க்கையின் மையம் அடுப்பு.

இது உங்கள் ஊருக்குப் புதிய பாடமும் இல்லை. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை மறுபக்கம். செங்கத்தில் சண்டை; அதில் கம்பெனி வென்றது என்று எழுதுவார்கள். வென்ற படை அங்கே நிற்க முடியாமல் பசியோடு இரவும் பகலும் நடந்து திருவண்ணாமலைக்கு வந்தது. காரணம் அரிசி. அந்த மாதக் கடைசியில் இந்த ஊருக்கு அருகே நடந்த பெரிய சண்டையைப் பாடநூல்கள் சொல்லும். அதற்கு முன் சில வாரம் தளபதியின் தலைவலி எல்லாம் படைக்கு உலை வைப்பதைப் பற்றியே இருந்தது.

பிரான்சில் இந்தியச் சிப்பாய்க்கு நாள்படி இப்படி: கோதுமை மாவு ஒன்றரை பவுண்டு, பருப்பு கால் பவுண்டு, நெய் 2 அவுன்ஸ், வெல்லம் ஒரு அவுன்ஸ், கூடவே உப்பு, தேயிலை, உருளைக்கிழங்கு, இஞ்சி, பூண்டு, மிளகாய், மஞ்சள். சாப்பிடுகிறவர்களுக்கு இறைச்சி. ஆட்டை உயிரோடு கொண்டுவந்து, இந்து முறைக்கும் முஸ்லிம் முறைக்கும் தனித்தனி இடத்தில் அறுத்தார்கள். இங்கிலாந்தில் பிரைட்டன் அரண்மனையை இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக்கியபோது அங்கே ஒன்பது சமையற்கட்டு வைத்தார்கள். 1857 சிப்பாய்க் கிளர்ச்சி ஏன் வெடித்தது என்பதை வெள்ளைக்காரன் மறக்கவில்லை.

மெசபடோமியாவில் இந்த ஒழுங்கு இல்லை. பாஸ்ராவில் கப்பலை நிறுத்திச் சரக்கிறக்க மேடை போதாது. ஆற்றில் மேலே போகப் படகு போதாது. கோடையில் கொளுத்தும் வெயில், வசந்தத்தில் வெள்ளம், எப்போதும் ஈ. 1915 டிசம்பர் 7 அன்று கூட் என்ற ஊரில் பிரிட்டிஷ் தளபதி டவுன்ஷெண்டின் படையைத் துருக்கியர் முற்றுகையிட்டார்கள். ஏறத்தாழ ஐந்து மாதம். முடிவில், 1916 ஏப்ரல் 29 அன்று, ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்தார்கள்.

அந்த முற்றுகையில் நடந்த ஒரு செய்தியை மருத்துவ மாணவர்கள் கேட்க வேண்டும். ஒரே கோட்டைக்குள் இரண்டு நோய். ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெரிபெரி. இந்தியச் சிப்பாய்க்கு ஸ்கர்வி. வெள்ளைக்காரன் தவிடு நீக்கிய வெள்ளை மாவு ரொட்டியைத் தின்றான். கால் வீங்கியது, இதயம் தளர்ந்தது. இந்தியன் தவிட்டோடு அரைத்த ஆட்டாவும் பருப்பும் தின்றான், பெரிபெரி அண்டவில்லை. ஆனால் காய்கறி இல்லை. குதிரையை அறுத்தபோது வெள்ளைக்காரன் தின்றான். இந்தியர்களில் பெரும்பாலோர் மறுத்தார்கள். மதத் தலைவர்களின் அனுமதியைத் தந்தியில் வரவழைத்துக் காட்டியும் நெடுநாள் இணங்கவில்லை. ஊருக்குத் திரும்பினால் பெண் கொடுப்பார்களா என்ற பயம் துருக்கிக் குண்டைவிடப் பெரியது. ஈறு வீங்கிப் பல் ஆடியது, பழைய புண் திறந்துகொண்டது. ஒருவருடைய வெள்ளை ரொட்டி அவருக்கு எமன். இன்னொருவருடைய விரதம் அவருக்கு எமன். வைட்டமின் என்ற சொல்லே பிறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

கூட் வீழ்ந்த பிறகும் 1916 முழுக்க மெசபடோமியாவில் இந்தியப் படைக்குள் ஸ்கர்வி ஆயிரக்கணக்கில் பரவியது. இங்கேதான் நம் அடுக்களை உள்ளே வருகிறது. காய்கறி அனுப்ப முடியாத இடத்துக்குக் கெடாத புளிப்பு எதை அனுப்பலாம்? புளி, கோக்கம், மாங்காய் வற்றல். லண்டனில் ஹாரியட் சிக் என்ற அறிவியலாளரும் அவருடைய சகாக்களும் இந்த மூன்றையும் சோதித்து 1919இல் முடிவை வெளியிட்டார்கள். புளியில் கொஞ்சம் பலன் உண்டு. பச்சைக் காயும் பழமும் தருகிற அளவுக்கு வராது. அதே சிக் சொன்ன எளிய வழி ஒன்று இருந்தது: பயறை ஊற வைத்து முளைகட்டிக் கொடுங்கள். உலர்ந்த பருப்பில் இல்லாத சத்து முளையில் வந்துவிடுகிறது. ஈரத்துணியில் பயறைக் கட்டித் தொங்கவிடுவதைச் சொல்லித்தர லண்டன் ஆய்வுக்கூடம் வேண்டியிருந்ததா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் ஆயிரக்கணக்கான பேருக்கு நாள்தோறும் ஈரத்துணி தேடுகிறவன் யார் என்று கேட்டால் அடுத்த பகுதிக்கு வந்துவிடலாம்.

4. கூடப் போனவர்கள்

படைக் கணக்கில் "பாலோவர்" என்று ஒரு வகை. கூடப் போகிறவன். சமையற்காரர், தோல் துருத்தியில் தண்ணீர் சுமக்கும் பிஸ்தி, துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், செருப்புத் தைப்பவர், கழிப்பிடம் சுத்தம் செய்பவர், குதிரைக்காரர், கோவேறு கழுதை ஓட்டுபவர், டோலி தூக்குபவர், மண் சுமப்பவர். போர் முடிவதற்குள் இந்தியாவிலிருந்து இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 5.6 லட்சம். மெசபடோமியாவுக்குச் சிறைக் கைதிகளையும் தண்டனைக் குறைப்புச் சொல்லித் தொழிலாளர் படையாக அனுப்பினார்கள்.

இவர்களுடைய நாள் சிப்பாயின் நாளுக்கு முன்னே தொடங்கிப் பின்னே முடியும். நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் புகை தெரியும். புகை தெரிந்தால் பீரங்கி வரும். காய்ந்த விறகு எங்கே கிடைக்கும், எந்தக் குட்டையின் தண்ணீரில் பிணம் கிடக்கிறது, குளோரின் எத்தனை கரண்டி என்பதெல்லாம் இவர்களுடைய போர்க்கலை. சாதி அடுக்கு கப்பலேறி அப்படியே வந்தது. முதலில் சிப்பாய், அப்புறம் டோலி தூக்கி, அப்புறம் பிஸ்தி, எல்லாருக்கும் கீழே தோட்டி. சம்பளத்திலும் உடுப்பிலும் அதே வரிசை.

இவர்களில் ஒருவருடைய கதை ஆவணத்தில் தங்கியது. சுக்கா என்பவர், துப்புரவுப் பணியாளர், வடநாட்டுக்காரர். 1915 ஜனவரியில் இங்கிலாந்தில் நோயால் இறந்தார். எரியூட்ட இந்துக்கள் இடம் கொடுக்கவில்லை. வோக்கிங் முஸ்லிம் இடுகாட்டிலும் கிடைக்கவில்லை. பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரின் பாதிரியார், இவர் நம் நாட்டுக்காக அல்லவா வந்து இறந்தார் என்று தன் தேவாலயத்து மண்ணில் இடம் கொடுத்தார். ஊர்மக்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள். அந்தக் கல்லில் பெயர் இருக்கிறது. பேராசிரியர்கள் எழுதிய எந்தச் சாதி ஆய்வும் எனக்கு இந்த ஒரு கல் அளவுக்குச் சொல்லவில்லை.

5. கடிதம்

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் நமக்குப் பங்கு குறைவு. கொட்டகையில் கிடைத்த பகல்பொழுதின் பெரிய வேலை கடிதம் எழுதுவது. எழுதத் தெரிந்தவன் ஒருவன், சொல்பவன் ஒருவன். ஊரில் வாங்குகிறவள் ஒருத்தி, வாசித்துக் காட்டுபவர் ஒருவர். இடையில் தணிக்கை அதிகாரி. ஒரு கடிதத்துக்கு ஐந்து வாசகர். தணிக்கைக்குத் தப்ப இந்தியச் சிப்பாய்க்குக் கருமிளகு என்றும் வெள்ளையனுக்குச் சிவப்பு மிளகு என்றும் சங்கேதம் வைத்தார்கள். தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகளால்தான் இந்தக் குரல்கள் இன்று கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி பிரான்சில் இருந்த வடநாட்டாருடையவை. நம்மவர் மெசபடோமியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் கைநாட்டு.

கடிதத்தில் மட்டுமில்லை, ஊர்ப் பேச்சிலும் அவர்கள் தங்கவில்லை. சென்னையை 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சில நிமிடம் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அந்தச் சில நிமிடம், பொல்லாத ஆளைக் குறிக்கத் தமிழுக்கு ஒரு சொல்லையே கொடுத்தது. என் பாட்டி என் தாத்தாவை "எம்டன்" என்றுதான் குறிப்பிடுவார். பாஸ்ராவில் நாலு வருஷம் மண் சுமந்தவர்களால் நம் பேச்சில் ஒரு சொல்கூடச் சேரவில்லை.

6. பெயர்

பாஸ்ராவில் 1929இல் திறந்த நினைவுச் சின்னத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். ஆங்கிலேயர்களுக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் தொகையும் மட்டும்: இன்னும் இத்தனை பேர். நவ் ஷப்பேலில் 1927இல் திறந்த சின்னத்திலோ இந்தியர் பெயர்கள் ஆயிரக்கணக்கில் கல்லில் இருக்கின்றன. ஒரே அரசு, ஒரே போர்க்கல்லறை ஆணையம், இரண்டு ஆண்டு இடைவெளி. பிரான்சில் ஐரோப்பியர் வந்து பார்ப்பார்கள். பாஸ்ராவில் யார் பார்க்கப் போகிறார்கள்? காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டைத் தானே விசாரித்து 2021 ஏப்ரலில் மன்னிப்புக் கேட்டது. பாஸ்ராச் சின்னத்தை 1997இல் சதாம் உசேன் அரசு பெயர்த்து, ஊருக்கு வெளியே 32 கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தியது தனிக்கதை.

ஆனால் பெயர்கள் அழிந்துவிடவில்லை. கல்லில் ஏறாத பலர் ஆணையத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கிறார்கள். இன்று கணினியில் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் வரை உண்டு. சிக்கல் எழுத்தில் இருக்கிறது. எழுதியவர் பெங்களூரிலோ பம்பாயிலோ இருந்த ஒரு குமாஸ்தா. காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார். இந்த ஊரையே கம்பெனிக்காரர்கள் "டிரினோமலி" என்று எழுதினார்கள். எண்ணூறு மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஆய்வாளனுக்கு அந்த எழுத்துக்கூட்டல் புரியாது. போளூர்ப் பக்கத்து மாணவன் வாய்விட்டு இரண்டு தடவை படித்தால் போதும், எந்தக் கிராமம் என்று சொல்லிவிடுவான்.

அதனால் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வரலாற்றுத் துறை மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். உங்கள் ஊர்ப் பழைய பள்ளிச் சுவரில் அந்தப் பலகைக் கல் இருக்கிறதா பாருங்கள். சுண்ணாம்பு அடித்து மூடியிருப்பார்கள், சுரண்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பதிவேட்டில் வட ஆற்காடு என்று தேடி, அந்த ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படியுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள்.